மாமரத்தடியில் வல்லாரை

தம்பி, திண்டுக்கல்லிலிருந்து பெங்களூர் மல்லேஸ்வரத்துக்குக் குடிவந்திருக்கிறீர்கள், வாடகை வீட்டின் பின்பக்கம் மாமரத்தடியில் புல் பிடிக்கவே மாட்டேன் என்கிறது, வேறென்ன வைக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள்.

வல்லாரை வையுங்கள். நான் பெங்களூர் வந்து 22 வருடம் ஆகிறது. முதலில் இருந்த வீட்டிலும் இதே மாமரம், இதே வெறும் தரை. அருகம்புல்லை வாங்கிப் பதித்தேன். இரண்டு மாதத்துக்குள் மஞ்சளாகிப் போய்விட்டது. அருகுக்கு வெயில் வேண்டும். நிழலில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் நிற்காது.

வல்லாரை நம் ஊர் வாய்க்கால் ஓரத்துச் செடி. ஈரம் இருந்தால் போதும், நிழலை ஏற்றுக்கொள்ளும். தண்டு தரையோடு ஓடி, கணுவுக்குக் கணு வேர்விடும். ஒருமுறை பிடித்தால் வருடக்கணக்கில் இருக்கும். வெயிலில் இலை காசு அளவுக்குச் சிறுத்துக் கிடக்கும். நிழலில் காம்பு நீண்டு இலை அகலமாக விரியும். என் வீட்டு மரத்தடியில் ஒரே கொடியில் இரண்டையும் பார்க்கலாம்.

இங்கே அதற்கு ஒந்தெலகா என்று பெயர். லால்பாக் பக்கம் நர்சரிகளில் “ஒந்தெலக கிட இதெயா?” (வல்லாரைச் செடி இருக்கிறதா?) என்று கன்னடத்தில் கேளுங்கள். கீரைக்கட்டில் வேர் ஒட்டியிருந்தால் அதையே நடலாம். எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

ஜூனில் மழை பிடித்ததும் நடுங்கள். மண்வெட்டி வேண்டாம், மாமரத்து வேர் அறுந்துவிடும். மேலே இரண்டு அங்குலம் மக்கிய இலை உரம் பரப்பி, அரையடிக்கு ஒரு கொடியாக ஊன்றினால் போதும். அப்புறம் மாவிலைச் சருகு மேலே மெத்தையாக மூடாமல் கையால் அள்ளிவிடுங்கள். மார்ச், ஏப்ரலில்தான் வாடும். அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றுங்கள்; சோப்புத் தண்ணீர் மட்டும் கூடாது, சாப்பிடப் போகிற இலை.

மழைக்காலத்தில் பெரிய ஆப்பிரிக்க நத்தைகள் வரும். இரவில் டார்ச் அடித்துப் பொறுக்குவதுதான் வழி, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இலையை நன்றாக அலசி, வதக்கித் துவையல் அரையுங்கள். கன்னடக்காரர்கள் இதையே தேங்காய், மோர் சேர்த்துத் தம்புளி செய்வார்கள். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு ஒரு கைப்பிடி பறித்துக் கொடுத்துப் பாருங்கள், பேச்சு அங்கிருந்தே தொடங்கிவிடும். எனக்குக் கன்னடம் வந்தது அப்படித்தான்.