கண் ஒன்றே போதாதா என்று கேட்டவருக்கு

உலகத்தைப் பார்த்தால் யாரோ திட்டமிட்டுச் செய்தது போலத் தெரியவில்லையா, மனிதக் கண் ஒன்றே அதற்குச் சாட்சி இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைப் பொறுத்தவரை இல்லை. அந்தக் கண்தான் என் எண்ணத்தையே மாற்றியது.

கொழும்பு வெள்ளவத்தையில் சைவக் குடும்பத்தில் வளர்ந்தவன் நான். குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம், அதுபோல உலகத்துக்கும் ஒரு கர்த்தா வேண்டும் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோம். நானும் அதை முழுதாக நம்பினேன்.

உயர்தரத்தில் உயிரியல் ரீச்சர் ஒரு தாளில் இடப்பக்கம் சக (+) அடையாளமும், 8 சென்ரிமீற்றர் தள்ளி வலப்பக்கம் ஒரு புள்ளியும் போடச் சொன்னார். இடக்கண்ணை மூடிக்கொண்டு, வலக்கண்ணால் அந்த அடையாளத்தை மட்டும் பார்த்தபடி தாளை மெதுவாகக் கிட்டக் கொண்டுவர வேண்டும். ஏறக்குறைய 30 சென்ரிமீற்றரில் புள்ளி காணாமல் போய்விட்டது, அந்த இடத்தில் வெறும் வெள்ளைத் தாள். நீங்களும் இப்போதே செய்து பாருங்கள்.

காரணம் இதுதான். நம் விழித்திரையில் நரம்பு இழைகள் ஒளியை உணரும் கலங்களுக்கு முன்னால் ஓடுகின்றன, பிறகு மூளைக்குப் போக ஓரிடத்தில் திரையைத் துளைத்துக்கொண்டு வெளியேறுகின்றன, அந்த இடத்தில் பார்வை கிடையாது. அம்மா சந்தையில் வாங்கிவரும் கணவாய்க்கு இந்தக் குறை இல்லை, அதன் நரம்புகள் பின்பக்கமாகவே போகின்றன. கருவில் நம் விழித்திரை மூளையிலிருந்து புடைத்து வளர்வது, கணவாயினுடையது தோலிலிருந்து வருவது. கையில் இருந்ததை வைத்துக்கொண்டு இரண்டும் தனித்தனி வழியில் வந்திருக்கின்றன. குயவனுக்குக் குடம் சரிவராவிட்டால் மண்ணைத் திரும்பப் பிசைந்து புதிதாக வனையலாம். பரிணாமத்துக்கு அந்த வசதி இல்லை, அது இருந்ததன் மேலேயே கட்டிக்கொண்டு போகிறது.

சரி, பிரபஞ்சத்தின் விதிகள்? அங்கே எனக்கு இவ்வளவு உறுதி இல்லை. கார்பன் அணுக்கருவுக்கு ஒரு குறிப்பிட்ட சக்திநிலை இருந்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் நட்சத்திரங்களுக்குள் போதிய கார்பன் உருவாகியிருக்காது என்று 1953இல் வானியலாளர் ஃபிரெட் ஹொய்ல் சொன்னார், தேடிப் பார்த்தபோது அது அப்படியே இருந்தது. கடவுள் நம்பிக்கை இல்லாத அவரே பின்னாளில் இதன் பின்னால் ஒரு பேரறிவு இருப்பதுபோலத் தெரிகிறது என்று எழுதினார். வாசித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. ஆனாலும் அந்த அளவுகள் வேறு விதமாக அமைந்திருக்க முடியுமா என்பதே தெரியாத நிலையில், ஒருவர் தெரிந்தெடுத்து வைத்தார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அம்மாவுக்குக் கண்ணில் வெண்புரை எடுத்த கிழமை இந்த நரம்புக் கதையை அவரிடம் சொன்னேன். "அப்பிடியெண்டாலும் பார்க்க ஒரு கண் கிடைச்சிருக்குத்தானே தம்பி, அதுக்குத்தான் கும்பிடுறது" என்றார். அதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. வெள்ளிக்கிழமைகளில் இன்றும் அவரோடு கோயிலுக்குப் போகிறேன்.