காலில் எடை கட்டி நடக்கலாமா?

கேள்வி: வயது 47, எடை 76 கிலோ. மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் தினமும் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். இப்போதெல்லாம் மூச்சே வாங்குவதில்லை, எடையும் இறங்கவில்லை. கணுக்காலில் கட்டும் எடைப் பட்டையை மகன் வாங்கித் தந்திருக்கிறான். கட்டிக்கொண்டு நடக்கலாமா? சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், பிரஷர் இல்லை.

பதில்: மூச்சு வாங்கவில்லை என்றால் உடம்பு அந்த நடைக்குப் பழகிவிட்டது, நல்ல செய்திதான். நடையைக் கொஞ்சம் கடினமாக்க நினைப்பதும் சரி. ஆனால் கணுக்காலில் கட்ட வேண்டாம்.

முதுகில் சுமக்கும் ஒரு கிலோவைவிடக் காலில் கட்டிய ஒரு கிலோ பல மடங்கு சக்தியை வாங்கும். ஒவ்வொரு அடிக்கும் அதைத் தூக்கி, வீசி, நிறுத்த வேண்டியிருக்கிறதே! அந்த இழுப்பு கணுக்கால், முழங்கால், இடுப்பு மூட்டுகளில் போய் விழும், நடையும் மாறும். உட்கார்ந்தபடி கால் நீட்டும் பயிற்சிக்கு அந்தப் பட்டை உதவும், நடைக்கு வேண்டாம்.

சுமை வேண்டுமென்றால் முதுகுப் பைதான். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை ஒரு துண்டில் சுற்றி, ஆடாமல் முதுகை ஒட்டி வையுங்கள். பை இடுப்புக்குக் கீழே தொங்காதபடி வாரை இழுத்துக் கட்டுங்கள். தண்ணீர் என்பதால் இன்னொரு வசதி, முடியவில்லை என்றால் செடிக்கு ஊற்றிவிட்டு வீட்டுக்கு வரலாம். ஒருநாள் விட்டு ஒருநாள், 20 நிமிடம் போதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு கிலோ கூட்டலாம், 7 கிலோவைத் தாண்ட வேண்டாம். உடம்பு முன்னால் வளைந்தாலோ, தோளில் மரத்துப்போனாலோ சுமை அதிகம் என்று அர்த்தம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் அளவு.

முழங்கால் வலி, முதுகுத் தண்டில் டிஸ்க் தொந்தரவு, இதய நோய் உள்ளவர்கள் இதை மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கவே கூடாது.

சுமையே இல்லாமலும் வழி உண்டு. பெசன்ட் நகர் கடற்கரை மணலில் அதே வேகத்தில் நடந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி செலவாகும். உங்களுக்குச் சர்க்கரை இருப்பதால் அங்கே வெறுங்கால் கூடாது, ஷூ போட்டுக்கொள்ளுங்கள். திருமயிலை பறக்கும் ரயில் நிலையப் படிகளும் பக்கத்தில்தான் இருக்கின்றன.

எடை இறங்குவதற்குப் பையை மட்டும் நம்பாதீர்கள். ஐந்து கிலோ சுமந்து அரை மணி நேரம் நடந்தாலும், கூடுதலாகச் செலவாவது ஒரு பிஸ்கட்டில் திரும்பிவிடும். இரவுச் சாப்பாட்டைக் குறைப்பதில்தான் பலன் தெரியும்.

அப்புறம் உங்கள் மாத்திரை. கிளிமிபிரைடு சேர்ந்ததா என்று அட்டையைப் பாருங்கள். இருந்தால், நடை கடினமாகும்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம். பையில் குளுக்கோஸ் வைத்துக்கொண்டு, தொடங்குமுன் உங்கள் மருத்துவரிடம் மாத்திரை அளவு பற்றிக் கேளுங்கள். கை நடுங்கி வியர்த்தால் உடனே உட்கார்ந்து குளுக்கோஸ் சாப்பிடுங்கள். நெஞ்சில் இறுக்கம் வந்தால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.