கேளுங்க அண்ணே: வீடியோ எனக்கா, காலேஜுக்கா?

கேள்வி: வணக்கம் அண்ணே, நான் மலேசியாவுல பஹாவ்ல இருக்கேன், எங்கம்மா ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுனவங்க. ஒரு தனியார் காலேஜுல பார்ட் டைமா அக்கவுண்டிங் சொல்லிக் குடுத்தேன், ஸ்டாஃப் இல்ல, ஈபிஎஃப் (சேமநிதி) கிடையாது, மாசக் கடைசியில கிளைம் ஃபாரம் போட்டாத்தான் காசு. எம்சிஓ (கொரோனா ஊரடங்கு) நேரத்துல 14 வீடியோ செஞ்சு குடுத்தேன். அரிசி டின் மேல போனை நிக்க வச்சு, பக்கத்து வீட்டு சேவல் கூவாத நேரமா பாத்து எடுத்தது. இப்ப நான் அங்க இல்ல, ஆனா அந்தக் கோர்ஸை இன்னும் வித்துக்கிட்டு இருக்காங்க, முதல் ஸ்லைடுல என் பேரைத் தூக்கிட்டு வேற லெக்சரர் பேரு. குரல் என் குரல் அண்ணே! அதை நான் என் யூடியூப்ல போடலாமா?

பதில்: அவசரப்பட்டு போட்டுடாதீங்க தங்கச்சி.

'நான் ஸ்டாஃப் இல்ல, அதனால என்னோடது'ன்னு நினைக்கிறீங்க பாருங்க, நிறைய பேரு வழுக்குறது அங்கதான். நம்ம நாட்டு 1987 காப்பிரைட் சட்டம், 26வது பிரிவு, வேலைக்கு இருக்குறவங்க வேலைக்காகச் செஞ்சது முதலாளிக்குப் போகும்னு மட்டும் சொல்லல, வெளியாளைக் கூப்பிட்டு செய்யச் சொன்னாலும் உரிமை செய்யச் சொன்னவங்களுக்கே போயிடும்னு சொல்லுது, ரெண்டு பேரும் வேற மாதிரி பேசி ஒப்பந்தம் போட்டிருந்தா ஒழிய. உங்கம்மா வெட்டுன பாலு ஸ்டோருக்குப் போச்சே, கிட்டத்தட்ட அந்தக் கதைதான்.

அதனால முதல்ல அந்த ஆஃபர் லெட்டரைத் தேடுங்க. மணிக்கு இத்தனை வெள்ளின்னு கிளாஸ் எடுக்க மட்டும் எழுதியிருக்கா, இல்ல ரெக்கார்ட் பண்ணிக் குடுக்கணும்னும் இருக்கா? கிளாஸ் மட்டும்னா, வீடியோ நாங்க கேட்டுச் செஞ்சதுன்னு அவங்க சொல்றதை எதுத்துப் பேச உங்களுக்கு இடம் இருக்கு, லெட்டரை ஒரு வக்கீல்கிட்ட காட்டலாம்.

ஆனா பேரு விஷயம் வேற லா. வீடியோ காலேஜுக்கே சொந்தம்னு வச்சுக்கிட்டாலும், எழுதுனவங்க சம்மதம் இல்லாம அவங்க பேரை மறைச்சோ வேற ஆளு பேரைப் போட்டோ காட்டக்கூடாதுன்னு 25வது பிரிவு சொல்லுது. எனக்குக் கேட்டா இதுதான் உங்க பலமான பிடி. யூடியூபை விடுங்க, பேரைத் திரும்பப் போடச் சொல்லி ஒரு லெட்டர் அனுப்புங்க, பணிவா ஆனா பிரிவு நம்பரைப் போட்டு.

அந்தக் காலேஜுல சேர்றதுக்கு முன்னாடியே டியூஷனுக்குன்னு செஞ்சு வச்ச நோட்ஸ் ஏதாச்சும் அந்த ஸ்லைடுகள்ல இருக்கா? இருந்தா அது உங்களோடது, அவங்க செய்யச் சொல்லி செஞ்சது இல்லையே. பழைய ஃபைல்ல தேதி இருக்கும், பத்திரப்படுத்துங்க. பாடப்புத்தகத்துல இருந்து எடுத்து ஒட்டுன படம்னா அது உங்களோடதும் இல்ல, காலேஜோடதும் இல்ல, அதை ஞாபகம் வச்சுக்குங்க.

சரி, யூடியூப் ஆசை? புதுசா எடுங்க. டெபிட் கிரெடிட்டை யாரும் பூட்டி வைக்க முடியாது, 1494லயே இத்தாலியில பாச்சோலின்னு ஒரு கணக்கு வாத்தியார் அச்சுல போட்டுட்டாரு. கருத்துக்கும் செய்முறைக்கும் காப்பிரைட் கிடையாது, நீங்க சொல்ற வார்த்தைக்கும் போடுற படத்துக்கும்தான். அதே லெட்ஜரை பசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தையில) வடை விக்கிற அக்கா கணக்கா மாத்தி சொல்லிப் பாருங்க, பிள்ளைங்களுக்கு இன்னும் நல்லாவே ஏறும். காப்பிரைட் தானா வந்துடும், பதிவு கட்டாயம் இல்ல, ஆனா 2012ல இருந்து மைஐபிஓ-ல (காப்பிரைட்டைப் பாத்துக்குற அரசாங்க ஆபீஸ்) விருப்பப்பட்டா தெரிவிச்சு வச்சுக்கலாம், நாளைக்கு வம்பு வந்தா சாட்சிக்கு ஆகும்.

சாட்சின்னதும் ஞாபகம் வருது, சேவல் கூவி வீணாப் போன டேக் ஏதாச்சும் போன்ல கிடந்தா, இடம் பத்தலைன்னு அழிச்சுடாதீங்க.