பயோடீசல் போட்டால் புகை என்ன ஆகும்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கடலூர் முதுநகர் விசைப்படகு உரிமையாளர்: 20 சதவீதம் பயோடீசல் கலந்து ஓட்டுகிறோம். கரும்புகை நன்றாகக் குறைந்துவிட்டது. மாசும் குறைந்ததுதானே?

பாதிதான் சரி. பயோடீசல் என்பது தாவர எண்ணெயை மெத்தனாலோடு வினைபுரியச் செய்து எடுக்கும் எரிபொருள்; அதன் எடையில் ஏறக்குறைய 11 சதவீதம் ஆக்சிஜன். காற்று எட்டாத இடத்திலும் அது எரிய உதவுவதால் கரி குறைகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2002-ல் கனரக எஞ்சின்களுக்குத் தொகுத்த கணக்கின்படி, 20 சதவீத சோயா பயோடீசல் கலவையில் துகள் சுமார் 10, கார்பன் மோனாக்சைடு 11, எரியாத ஹைட்ரோகார்பன் 21 சதவீதம் குறைந்தன. நைட்ரஜன் ஆக்சைடு மட்டும் 2 சதவீதம் கூடியது. அது புகையாகத் தெரியாது, ஆனால் நுரையீரலுக்குக் கெடுதல்.

நைட்ரஜன் ஆக்சைடு கூடுவதற்கு ஒரு முக்கியக் காரணம், எரிபொருளை அழுத்தித் தள்ளும் பழைய வகை பம்ப். பயோடீசல் அழுத்தத்தில் டீசல் அளவுக்குச் சுருங்காது. அதனால் பம்ப் தள்ளும் அழுத்தம் நாசிலுக்கு (எண்ணெயை எஞ்சினுக்குள் தூவும் முனை) சற்று முன்னதாகவே போய்ச் சேர்ந்து, எண்ணெய் முந்திப் பீச்சுகிறது. மெக்கானிக்கிடம் சொல்லி டைமிங்கை (எண்ணெய் பீச்சும் நேரத்தை) 1 அல்லது 2 டிகிரி பின்தள்ளுங்கள். அதற்கு மேல் தள்ளினால் கரும்புகை திரும்ப வரும், டீசலும் கூடுதலாகக் குடிக்கும்.

பண்ருட்டி விவசாயி: புங்க எண்ணெயை வடிகட்டி நேராக பம்புசெட் எஞ்சினில் ஊற்றலாமா?

வேண்டாம். புங்க எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்கு அளவுக்குக் கெட்டி. நாசிலில் பனிபோலத் தூவாமல் தாரையாக விழும். சில நாளில் நாசில் முனையில் கரி மொட்டு கட்டும், பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொள்ளும், எஞ்சின் ஆயில் கூழாகும். மெத்தனாலோடு வினைபுரியச் செய்து பயோடீசலாக்கிய பிறகே ஊற்றவேண்டும். பழைய கொட்டையில் ஆட்டிய எண்ணெயில் அமிலம் அதிகம். முதலில் அமில வினையில் அதைக் குறைக்காமல் வினைக்கான காரத்தை (காஸ்டிக் சோடா போன்றது) சேர்த்தால் சோப்புதான் மிஞ்சும்.

வாங்கும் பயோடீசலைச் சோதிக்க: கலக்காத பயோடீசலும் தண்ணீரும் சம அளவு பாட்டிலில் ஊற்றிக் குலுக்கி அரை மணி நேரம் வையுங்கள். இரண்டும் தெளிவாகப் பிரிந்தால் நல்லது. நடுவில் பால்போல நின்றால் சோப்போ அரைகுறை வினையோ இருக்கிறது, வாங்காதீர்கள்.

கடலூர்: கலவைக்கு மாறி ஒரு வாரத்தில் பில்டர் அடைத்து, இழுவை போய்விட்டது.

பயோடீசல் டேங்கில் பல வருடம் படிந்த அழுக்கைக் கரைத்துக்கொண்டு வருகிறது. டேங்கைக் கழுவி, பில்டரை மாற்றி, உபரியாக ஒன்று கையில் வையுங்கள். சாதாரண ரப்பர் ஹோஸ் ஊதிக் கசியும், விட்டான் (பயோடீசலைத் தாங்கும் ஒருவகை ரப்பர்) ஹோஸ் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் டேங்கை நிரப்பியே வையுங்கள். பாதி காலியாக விட்டால் உள்ளே நீர் கோத்துப் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும்.

புதுச்சேரி: பிஎஸ்-6 வேனுக்கு இதே கலவை?

வண்டியின் கையேடு அனுமதிக்கும் அளவைத் தாண்டாதீர்கள். பிஎஸ்-6 (புகை அளவுக்கான அரசு விதி) வண்டியின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் துகள் பில்டர் உண்டு; அதை எரித்துச் சுத்தம் செய்ய எஞ்சின் வழக்கமான பீச்சலுக்குப் பிறகு தாமதமாகப் பீச்சும் எண்ணெயில், எளிதில் ஆவியாகாத பயோடீசல் ஆயில் சட்டியில் இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்யும். டிப்ஸ்டிக்கில் அளவு ஏறினால் உடனே ஆயிலை மாற்றுங்கள்.