'ரய்யான்' என்று பெயர் வைக்கலாமா?

கேள்வி: எனக்கு இது எட்டாவது மாதம். ஆண் குழந்தை பிறந்தால் 'ரய்யான்' என்று பெயர் வைக்க எனக்கும் கணவருக்கும் ஆசை. மாமிக்கு இதில் விருப்பமில்லை. "குர்ஆனிலும் இல்லை, ஸஹாபாக்கள் (நபித்தோழர்கள்) பெயரிலும் இல்லை, கேட்டால் வெள்ளைக்காரப் பெயர் மாதிரி இருக்கிறது" என்கிறார். இணையத்தில் தேடினால் ஓரிடத்தில் 'அரசன்', ஓரிடத்தில் 'நறுமணம்', இன்னோரிடத்தில் 'சொர்க்க வாசல்' என்று போட்டிருக்கிறார்கள். எது சரி? இந்தப் பெயர் இப்போது அதிகமாகிவிட்டதா? மாமியின் மனசுக்காக 'அப்துர் ரய்யான்' என்று வைத்துவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு, பிரசவம் நல்லபடியாக ஆக துஆ செய்கிறேன்.

'ரய்யான்' என்றால் தாகம் தீர்ந்தவன், வேண்டுமட்டும் குடித்து நிறைந்தவன். செடி கொடிகளுக்குச் சொன்னால், நீர் பாய்ந்து செழித்து நிற்பது. அரபியில் தாகத்தோடு இருப்பவன் 'அத்ஷான்', தாகம் தணிந்தவன் 'ரய்யான்'. பசித்தவன் 'ஜவ்ஆன்', வயிறு நிறைந்தவன் 'ஷப்ஆன்'. ஒரே வாய்ப்பாட்டில் அமைந்த சொற்கள் இவை. தண்ணீருக்காக நாள் கணக்கில் நடந்த பாலைவன மக்களின் வாயில் 'ரய்யான்' என்ற சொல் எவ்வளவு நிம்மதியைக் கொடுத்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இந்தச் சொல்லின் குடும்பம் எனக்கு மிகவும் பிடித்தமானது. தண்ணீர்ப் பைகளைச் சுமந்து வரும் ஒட்டகத்துக்கு அரபியில் 'ராவியா' என்று பெயர். பிற்பாடு, ஒரு கவிஞரின் பாடல்களை மனப்பாடமாகச் சுமந்துபோய் ஊர் ஊராகச் சொல்பவரையும் அதே பெயரால் அழைத்தார்கள். ஹதீஸ் (நபிமொழி) அறிவிப்பாளரை 'ராவி' என்றும் அவர் அறிவிப்பதை 'ரிவாயத்' என்றும் சொல்கிறோமே, அவையும் அதே வேரில் பிறந்தவைதான். ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்களுக்கு இன்னொன்று தெரிந்திருக்கும். துல்ஹஜ் எட்டாம் நாளை 'யவ்முத் தர்வியா' என்பார்கள். மினாவிலும் அரஃபாவிலும் தண்ணீர் கிடைக்காத அந்தக் காலத்தில், ஹாஜிகள் புறப்படுமுன் தண்ணீர் நிரப்பிக்கொண்ட நாள் அது. உங்கள் பிள்ளைக்கு நீங்கள் நினைத்திருக்கும் பெயர் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது.

இப்போது சொர்க்க வாசல் விஷயத்துக்கு வருவோம். ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் இருக்கிறது. சொர்க்கத்தில் 'ரய்யான்' என்றொரு வாசல் உண்டு, மறுமை நாளில் நோன்பாளிகள் மட்டுமே அதன் வழியாக நுழைவார்கள், அவர்கள் நுழைந்ததும் அது அடைக்கப்பட்டுவிடும் என்பது அதன் கருத்து. அதில் நுழைந்தவருக்கு இனி ஒருபோதும் தாகம் இராது என்று திர்மிதி என்ற இன்னொரு தொகுப்பின் அறிவிப்பில் வருகிறது. நோன்பாளியைக் கடைசி நேரத்தில் அதிகம் வாட்டுவது பசியைவிடத் தாகம்தான். அப்படித் தாகித்துக் கிடந்தவருக்குத் திறக்கும் வாசலின் பெயரே 'தாகம் தீர்ந்தது' என்று இருக்கிறது. ஆக, 'சொர்க்க வாசல்' என்பது அந்தச் சொல்லின் அகராதிப் பொருள் அல்ல. அந்த வாசலுக்கு அமைந்த பெயர் அது, அவ்வளவுதான். இரண்டையும் சேர்த்துத் தெரிந்துகொண்டால்தான் பெயரின் அழகு முழுதாகப் புரியும்.

'அரசன்', 'நறுமணம்' என்ற பொருள்கள் வேறு பெயர்களிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவை. அயர்லாந்துக்காரர்களின் 'ரயன்' என்ற பெயருக்குத்தான் 'சிற்றரசன்' என்று பொருள் சொல்வார்கள். அது அவர்களுடைய பழைய குடும்பப் பெயர், அரபிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'நறுமணம்' என்பது 'ரைஹான்'. அது வாசனைச் செடியைக் குறிக்கும் வேறொரு சொல். ஒருவேளை மாமி "குர்ஆனில் இருக்கும் சொல்தான் வேண்டும்" என்பதிலேயே நின்றால், இந்த ரைஹானை நினைவில் வையுங்கள். ஸூரத்துர் ரஹ்மானில் 12ஆம் வசனத்திலும் ஸூரத்துல் வாகிஆவில் 89ஆம் வசனத்திலும் வருகிறது. ஓசையிலும் உங்கள் ஆசைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ஆனால் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன். மாமியிடம் பக்குவமாக ஒன்றைச் சொல்லிப் பாருங்கள். ஸஹாபாக்களில் குர்ஆன் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது ஒரே ஒருவரைத்தான். அவர் ஸைத் (ரலி), அஹ்ஸாப் அத்தியாயத்தின் 37ஆம் வசனத்தில். உமர், உஸ்மான், அலி, ஹம்ஸா, காலித் இவர்கள் யாருடைய பெயரும் அப்படி அதில் இல்லை. இவையெல்லாம் இஸ்லாத்துக்கு முன்பே அரபிகள் வைத்துக்கொண்டிருந்த பெயர்கள். நபி (ஸல்) அவர்கள் இவற்றை மாற்றச் சொல்லவில்லை. அவர்கள் மாற்றியது பொருள் சரியில்லாத பெயர்களைத்தான். 'மாறு செய்பவள்' என்று பொருள்படும் 'ஆஸியா' என்ற பெயரை 'ஜமீலா' என்று மாற்றினார்கள். எகிப்திய மன்னன் ஃபிர்அவ்னின் மனைவி பெயரும் தமிழில் எழுதினால் இதே மாதிரிதான் வரும், ஆனால் அரபியில் அது வேறு எழுத்துகள், வேறு சொல். 'கரடுமுரடான நிலம்' என்று பொருள்படும் 'ஹஸ்ன்' என்ற பெயரோடு வந்தவரை, சமவெளி என்னும் பொருளில் 'ஸஹ்ல்' என்று வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். "என் தகப்பன் வைத்த பெயரை மாற்ற மாட்டேன்" என்று அவர் மறுத்துவிட்டார். அந்தக் கடுமை அதற்குப் பிறகும் எங்கள் குடும்பத்தை விடவில்லை என்று அவருடைய பேரர் ஸயீத் இப்னுல் முஸய்யப் சொன்னது புகாரியில் பதிவாகியிருக்கிறது. பெயரின் பொருள் நன்றாக இருக்கிறதா என்பதுதான் அங்கே பார்க்கப்பட்டது. ரய்யானின் பொருளில் குறை சொல்ல எதுவும் இல்லை.

பழைய ஆட்கள் யாருக்கும் இந்தப் பெயர் இருந்ததில்லையா என்று கேட்டால், அதற்கும் பதில் உண்டு. யூஸுஃப் நபி (அலை) காலத்து எகிப்திய அரசரைக் குர்ஆன் 'அரசர்' என்று மட்டும் சொல்லும். தபரீ போன்ற வரலாற்றாசிரியர்கள் அவர் பெயரை 'ரய்யான் இப்னுல் வலீத்' என்று எழுதியிருக்கிறார்கள்.

அதற்காக மாமியின் மறுப்பை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். பேரனுக்கு ஓர் அடையாளம் இருக்க வேண்டும், கூப்பிடும்போது நம் பிள்ளை என்று தெரிய வேண்டும் என்ற கவலை அது. நியாயமான கவலை. நோன்பு வாசலின் கதையை உங்கள் கணவரே தன் உம்மாவிடம் உட்கார்ந்து சொல்லட்டும். நீங்கள் சொன்னால் வாதமாகத் தெரியலாம். மகன் சொன்னால் செய்தியாகக் காதில் ஏறும்.

பெயர் அதிகமாகிவிட்டதா என்கிறீர்கள். ஆமாம், உலகின் பல பக்கங்களிலும் கேட்கிற பெயராகிவிட்டது. கத்தாரின் தலைநகர் தோஹாவை ஒட்டிய ஒரு பெரிய நகரின் பெயரே 'அர்ரய்யான்'. 2022 உலகக் கோப்பைக் கால்பந்து நடந்த அஹ்மத் பின் அலி மைதானம் அங்கேதான் இருக்கிறது. பிரான்ஸில் குடியேறிய வட ஆப்பிரிக்கக் குடும்பங்கள் இதை விரும்பி வைக்கின்றன. ராயன் செர்க்கி, ராயன் ஐத்நூரி என்ற இரண்டு கால்பந்து வீரர்களைப் பாருங்கள். இருவரும் பிரான்ஸில் பிறந்தவர்கள். ஒருவர் பிரான்ஸுக்கும் மற்றவர் அல்ஜீரியாவுக்கும் ஆடுகிறார். 2025இல் இருவரும் ஒரே கிளப்பான மான்செஸ்டர் சிட்டியில் சேர்ந்தார்கள். 'ரயன்' என்ற ஐரோப்பியப் பெயரின் ஓசைக்குப் பக்கத்தில் இருப்பதால் பள்ளியில், வேலையிடத்தில் வாயில் எளிதாக நுழைகிறது. மாமிக்குப் பிடிக்காத அதே ஓசைதான் அங்கே பல பெற்றோர்களை இழுத்திருக்க வேண்டும். வகுப்பில் இன்னொரு ரய்யான் இருக்க வாய்ப்புண்டு. அது ஒரு குறையாக எனக்குத் தெரியவில்லை. முஹம்மதுகளும் யூஸுஃப்களும் அப்படித்தானே வளர்ந்தார்கள்?

நான் கவலைப்படுவது எழுத்துக்கூட்டல் பற்றித்தான். அரபியில் இந்தப் பெயரின் 'ய'வுக்கு அழுத்தம் உண்டு. 'ரய்–யான்' என்று இரண்டு அசையாக, பின்னதை நீட்டிச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் ஒரே 'ஒய்' போட்டு எழுதினால், அதைப் பார்த்துத் தமிழில் எழுதுகிறவர் 'ரயான்' என்றும் 'ரேயான்' என்றும் எழுதிவிடுவார். ரேயான் என்றால் நமக்குத் துணிதான் ஞாபகம் வரும். அதனால் ஆங்கிலத்தில் இரண்டு 'ஒய்', தமிழில் 'ரய்யான்' என்று முடிவு செய்து, ஒரு தாளில் பெரிதாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழுக்குப் பெயர் கொடுக்கப்போகிறவர் கையில் அந்தத் தாளே போகட்டும். ஆதார், பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் என்று பின்னால் வருவதெல்லாம் அந்தச் சான்றிதழைப் பார்த்துத்தான் எழுதப்படும்.

கடைசியாக, 'அப்துர் ரய்யான்' வேண்டாம். 'அப்து' என்றால் அடியான். அல்லாஹ்வின் பெயர்களோடு மட்டுமே அதைச் சேர்க்கலாம். ரஹ்மான், ரஹீம், காதிர் எல்லாம் அவன் பெயர்கள், ரய்யான் அப்படி இல்லை. 'அப்துர் ரய்யான்' என்றால் தாகம் தீர்ந்தவனின் அடியான் என்றாகிவிடும். மாமிக்கு மனசு நிறைய வேண்டுமானால் 'முஹம்மது ரய்யான்' என்று வையுங்கள். அல்லது மாமனாரின் பெயரை முன்னால் சேர்க்க முடியுமா என்று மாமியிடமே கேட்டுப் பாருங்கள். எதற்கும் முடிவு செய்யுமுன் உங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.