இரவில் யாராவது கதை வாசிப்பதைக் கேட்டால் உண்மையிலேயே தூக்கம் வருமா?

வரும், பலருக்கு. படுத்ததும் நாளைய வேலை, இஎம்ஐ என்று மனதுக்குள் ஒரு பேச்சு ஓடுகிறதே, அதுவும் சொற்கள்தான். காதில் ஒருவர் நிதானமாக வாசிக்கும்போது இரண்டு பேச்சையும் சேர்த்துப் பின்தொடர்வது மனதுக்குக் கடினம். கவலை கொஞ்சம் ஒதுங்கும். ஆனால் ஏற்கெனவே தெரிந்த கதையே நல்லது. அடுத்து என்ன என்ற ஆவல் வந்தால் விழித்துக்கொண்டுதான் இருப்போம். மர்மக் கதை வேண்டவே வேண்டாம்.

வேளச்சேரியில் என் ஜன்னலுக்கு வெளியே நள்ளிரவிலும் ஹாரன் சத்தம்தான். போனில் கதையை ஃபேன் சத்தத்துக்குச் சற்று மேலே கேட்கும்படி வைத்து, போனைக் கவிழ்த்துவிட்டு, 30 நிமிட டைமர் போடுகிறேன். டைமர் அவசியம்; விடிய விடிய ஓடினால் அதுவே எழுப்பிவிடும்.

அப்புறம், வாரத்துக்கு 3 இரவாவது தூங்க முடியாமல் 3 மாதம் ஓடிவிட்டது என்றால் மருத்துவரைப் பாருங்கள்.