கடைசி வரியில் ஒளிந்திருக்கும் வாடை

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. ஆறு மாதமாக வலது காதில் சீழ் வடிகிறது. ஆற்றில் குதித்துக் குளித்ததாலா? இணையத்தில் ‘ஆர்என்ஏ மாற்றம்’ என்று போட்டிருக்கிறது. பரம்பரை நோயா? தங்கைக்கும் வருமா? மரபணு சோதனை எடுக்கலாமா? பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் விடுகிறோம். வாடை மட்டும் போகவில்லை.
– வாசகி, திருவையாறு

பதில்: கடைசி வரியைத்தான் நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும் அம்மா.

சளி பிடிக்கும்போது நிறைய ஒழுகி, மருந்துக்குக் காய்ந்துவிடும் சீழ் ஒரு ரகம். கொஞ்சமாக, அழுகின வாடையோடு மாதக்கணக்கில் கசிவது வேறு. அதில் கொலஸ்டியடோமா இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். செவிப்பறை உள்வாங்கிக் குழி விழுந்து, உதிரும் தோல் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே சேர்ந்து உருண்டையாகிவிடும். புற்றுநோய் இல்லை. ஆனால் எலும்பை அரிக்கும். பெரும்பாலும் முதலில் போவது காதுக்குள் இருக்கும் சிற்றெலும்புகள். விட்டுவைத்தால் முக நரம்பு, மூளை உறை வரை போகும். சொட்டு மருந்தில் கரையாது, அறுவை சிகிச்சைதான்.

ஆர்என்ஏ சமாசாரம் பொய்யில்லை. ஆர்என்ஏ என்பது மரபணுவிலிருந்து செல் எடுக்கும் நகல். அதில் மைக்ரோ ஆர்என்ஏ என்பது புரதம் எதையும் உண்டாக்காமல், மற்ற மரபணுக்களை அடக்கி வைக்கும் சின்னத் துண்டு. 1993இல் ஒரு புழுவில் கண்டுபிடித்ததற்கு 2024இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். கொலஸ்டியடோமா தோலில் மைக்ரோ ஆர்என்ஏ-21 கூடியிருக்கிறது. செல் பெருக்கத்துக்குக் கடிவாளம் போடும் புரதங்களை அது அடக்கிவிடுகிறது. ஆனால் இது அறுவையில் எடுத்த தோலை ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தது. அண்ணன் காதுத் தோலில் அது கூடினால் தங்கைக்கும் வரும் என்று அர்த்தமில்லை. சோதனைக்குக் காசு கட்டாதீர்கள். மைக்ரோஸ்கோப்பில் காதைப் பார்ப்பதும், தேவைப்பட்டால் சிடி ஸ்கேனும்தான் இதற்கு வழி.

ஆற்றின் மேல் பழி வேண்டாம். ஆனாலும் காது காயும்வரை குதிக்கக் கூடாது. தலைக்கு ஊற்றும்போது வாசலின் தடவிய பஞ்சை வைத்துவிடுங்கள்.

எண்ணெயை இன்றோடு நிறுத்துங்கள். பூண்டை ரசத்தில் போடுங்கள், காதில் எதற்கு? மெடிக்கலில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் சில மருந்துகள் உள்காதையே கெடுத்துவிடும்.

இந்த வாரமே தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்க் காது மூக்கு தொண்டை பிரிவில் காட்டுங்கள். வாய் ஒரு பக்கம் கோணினாலோ, தலை கிறுகிறுத்தாலோ, காதுக்குப் பின்னால் வீங்கினாலோ, காய்ச்சலோடு கடும் தலைவலியும் வாந்தியும் வந்தாலோ அன்றைக்கே ஓடுங்கள், ராத்திரியானாலும் சரி. அப்புறம், எண்ணெய் விட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.